என்னை யாரும் 'ஏல' என்று கூப்பிடவில்லை

தாராவியில் எனக்குக் கிடைத்த மரியாதை என் வயதுப் பையன்கள் யாருக்கும் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. இருபத்தொரு வயதில் ஒருவனை எல்லோரும் 'வாங்க', 'ஒக்காருங்க', 'சாப்ட்டியளா' என்று பன்மையில் விசாரித்தால் அவனுக்கு அங்கே சிநேகிதன் என்று யாரும் இல்லை என்று அர்த்தம்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் 'ஏல' என்று ஒரு வார்த்தை உண்டு. 'அடேய்' மாதிரி, ஆனால் அடேய் இல்லை. தோளில் கையைப் போடுவதற்குப் பதிலாக வாயால் போடுகிற கை அது. 'என்னல', 'வால', 'சும்மா இருல' என்று பேச்சின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும். எங்கள் சந்தில் காலையில் குழாயடிக்குப் போனால் தண்ணீர்ச் சத்தத்தைவிட இந்த 'ல' சத்தம்தான் அதிகமாகக் கேட்கும். அதில் ஒன்றுகூட என் பக்கம் வராது.

தப்பு என்னுடையதுதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில், பத்தொன்பது வயதில், ஒரு தகரப் பெட்டியோடு அந்தக் கோலிக்குள் நுழைந்தேன். கோலி என்றால் அங்கே ஒற்றை அறை. ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள், நாலு பேரும் எங்கள் ஜில்லா. மூத்தவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். இரண்டு பேர் ஆலையில் ஷிப்டு வேலை. நாலாவது ஆள் என் வயது. நான் சேரப்போகிற அதே தோல்பைப் பட்டறையில் எனக்கு ஆறு மாதம் முன்னால் சேர்ந்தவன். அவனை 'அவன்' என்றே எழுதிக்கொண்டு போகிறேன். பெயரை எழுதக் கை வரவில்லை.

அவன் பாயில் மல்லாந்து கிடந்தான். என்னைப் பார்த்ததும் படுத்தபடியே, "ஏல, எந்தூருல ஒனக்கு?" என்றான்.

"என்னைய ஏல கீலன்னு கூப்பிடாதீங்க," என்றேன். "எனக்குப் பேரு இருக்கு."

நான் வளர்ந்தது தாய்மாமா வீட்டில். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதும் அந்த வீட்டில்தான். அங்கே 'ஏல' என்றால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டு, செம்பை எடு, அந்தப் பக்கம் போய் நில் என்று அர்த்தம். மாமாவின் பிள்ளைகள் என்னைவிடச் சின்னவர்கள். அவர்களை நான் 'வாங்க' என்று கூப்பிட வேண்டும், அவர்கள் என்னை 'ஏல' என்பார்கள். பம்பாய்க்கு ரயில் ஏறும்போது எனக்கு இருந்த ஒரே தீர்மானம், இனி ஒருத்தன் வாயிலிருந்தும் அந்த வார்த்தையை வாங்கக் கூடாது என்பதுதான். அதே வார்த்தையை அவன் வேறு அர்த்தத்தில் சொல்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை யாரும் என்னிடம் அதை வேறு அர்த்தத்தில் சொன்னதில்லை.

அவன் எழுந்து, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை (லுங்கிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்) கணுக்கால் வரை இறக்கிவிட்டான். "தப்புதாங்க. ஒக்காருங்க. தண்ணி குடிக்கியளா?" என்றான். அன்றைக்கு இறக்கிவிட்ட சாரத்தை அவன் எனக்காக மறுபடி மடித்துக் கட்டவே இல்லை.

ஒரு மாதத்துக்குள் எனக்கு என் தப்பு புரிந்துவிட்டது. ஆனால் 'என்னை ஏல என்று கூப்பிடுங்கள்' என்று போய் ஒருத்தனிடம் கேட்க முடியுமா? நான் யோசித்தே சாகிறவன். இந்தப் பக்கம் போனால் என்ன நினைப்பார்கள், சிரித்தால் பல் தெரியுமா, சிரிக்காவிட்டால் தலைக்கனம் என்பார்களா என்று ஒவ்வொன்றுக்கும் நாலு தடவை யோசிப்பேன். அதற்குள் பேச்சு வேறு விஷயத்துக்குப் போயிருக்கும்.

அவன் எதையும் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. அவனிடம் இருந்தது ஒரே ஒரு நீலச் சட்டை, காலர் கிழிந்து திருப்பித் தைத்தது. மேல்வரிசையில் ஒரு பல் கோணல். இந்தியோ, கேட்டால் காது கூசும். பஸ்ஸில் கண்டக்டரிடம், "க்யா ரே, தேரே கோ சில்லறை நை மாங்தா?" என்பான். கண்டக்டர் சிரித்துக்கொண்டே அவன் தோளைத் தட்டுவார். நான் மாட்டுங்கா நடைபாதையில் இந்தி கற்கும் புத்தகம் வாங்கி, இலக்கணம் பிசகாமல், "கிருபயா ஆப் முஜே ஏக் டிக்கட் தீஜியே," என்பேன். அதே கண்டக்டர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, டிக்கட்டைக் கிழித்துக் கையில் படாமல் கொடுப்பார்.

ஒரு நாள் முழுக்க அவனை எத்தனை பேர் 'ஏல' என்றார்கள் என்று எண்ணினேன். சாப்பாட்டு நேரத்துக்குள் நாற்பதைத் தாண்டியது. எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

அவன் சொல்லும் ஜோக்குகளைத் திருடிப் பார்த்தேன். பம்பாய் வந்த முதல் நாள் ஓட்டலில் சப்ளையர் 'பானி வேணுமா' என்று கேட்டானாம், 'பானைய வச்சுக்கிட்டு நான் என்னல செய்ய' என்று இவன் கேட்டானாம். இதை அவன் சொன்னால் ஆலைக்காரர்கள் பாயில் உருளுவார்கள். நான் பட்டறையில் சாப்பாட்டு வேளையில் சொன்னேன். 'என்னல செய்ய' என்பது என் வாயில் வரவில்லை. "பானையை வைத்துக்கொண்டு நான் என்னங்க செய்யட்டும் என்று கேட்டேன்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பானி என்றால் இந்தியில் தண்ணீர் என்று விளக்கமும் சொன்னேன். "தெரியும் தம்பி, நாங்க வந்து பத்து வருசமாச்சு," என்றார் தையல் மிஷினில் இருந்தவர்.

குறை என் தோற்றத்தில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்காவில் ஆபீஸ் உத்தியோகக்காரப் பையன்களைப் பார்த்திருக்கிறேன். கத்தி மாதிரி மடிப்பு நிற்கும் பேண்ட், டெரிலின் சட்டை, பையில் பேனா. அவர்கள் காபி ஓட்டலில் உட்காரும் விதமே வேறு. அந்த மாதிரி ஆகிவிட்டால் யாராக இருந்தாலும் தேடி வந்து பேசத்தானே செய்வார்கள்? எங்கள் சந்து முனையில் காயல்பட்டணத்துக்காரர் ஒருவர் தையல்கடை வைத்திருந்தார். அவரிடம் போனேன்.

"வாங்க தம்பி. பேண்டா? எப்பிடி வேணும்?"

"குழாய் மாதிரி, மாஸ்டர். கால் கீழே நல்லாப் பிடிச்சாப்ல."

"கீழே பிடிச்சா மேலயும் பிடிக்குமே தம்பி. ஒக்கார எந்திரிக்க?"

"நின்னுக்கிடுதேன்."

நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரித்தார். "ஒங்க கோலிக்காரப் பய வந்தா 'ஏதாச்சும் தைங்க மாஸ்டர்'ம்பான். கோணியத் தைச்சுக் குடுத்தாலும் அவனுக்கு எடுப்பாத்தான் இருக்கும். ஒங்களுக்குத்தான் அளவு சுத்தமா எடுக்கணும். கைய விரிங்க."

கையை விரித்துக்கொண்டு நின்றேன். அளவு எடுக்கிற இடத்தில்கூட அவன் வந்துவிட்டான்.

டெரிலின் சட்டை, குழாய்ப் பேண்ட், கூர்முனை ஷூ, முன்னால் தூக்கி வாரிய தலைமுடி, பையில் பேனா. பட்டறையில் பசைச் சொலூஷன் நாற்றம் உடம்பில் ஊறிவிடும் என்பதால் கழுத்துக்கு இரண்டு சுற்றுப் பவுடர். எல்லாம் கூடிவந்த ஞாயிற்றுக்கிழமை கோலிக்குள் நுழைந்தேன். அவன்தான் முதலில் பார்த்தான்.

"ஏல, எந்திரிங்கல எல்லாரும்! சார் வாராரு!"

மூன்று பேரும் எழுந்து சாரத்தை இறக்கிவிட்டு நின்றார்கள். அண்ணாச்சி மட்டும் வெங்காயம் உரித்துக்கொண்டே, "சும்மா கெடங்கல, அது பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார். நானும் சிரித்தேன். சிரித்தால் கலந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் 'சார்' ஒட்டிக்கொண்டது. பையில் பேனாவைப் பார்த்துவிட்டு, சந்தில் உள்ளவர்கள் மணியார்டர் பாரம் நிரப்ப என்னிடம் வர ஆரம்பித்தார்கள். எட்டாம் வகுப்பு இங்கிலீஷில் அவர்கள் ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதிவிட்டேனோ என்று எனக்கு நாளெல்லாம் உதறும். அவர்களோ, "ரொம்ப நன்றி சார்," என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பி, வாசலில் நின்ற அவனிடம், "ஏல, இன்னிக்கு என்ன கொழம்புல?" என்பார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லோரும் செம்பூருக்குப் போவோம். அண்ணாச்சியின் அக்கா அங்கே இருந்தாள். எங்கள் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவள் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி கொடுத்த வீடு. முன்னறை ஒன்று, அடுப்படி ஒன்று. முன்னறையில் காலண்டரும் ஒரு மடக்கு நாற்காலியும். அந்த நாற்காலி எப்போதும் சுவரோடு சாய்ந்து நிற்கும். நான் போனால்தான் அது விரியும்.

"வாங்க தம்பி, ஒக்காருங்க," என்று முந்தானையால் துடைத்து வைப்பாள். மற்றவர்கள் செருப்பை உதறிவிட்டு நேரே அடுப்படிக்குள் போய்த் தரையில் வட்டமாக உட்கார்ந்துகொள்வார்கள். கல்லில் மாவு விழும் 'சொய்ங்' சத்தம் கேட்கும். பின்னாலேயே அக்காவின் குரல்:

"ஏல, கைய எடுல, சுட்டுரும்!"

"ஒரு பக்கம் வெந்தாப் போதும்க்கா. மறுபக்கம் வயித்துக்குள்ள போயி வெந்துக்கிடும்."

அது அவன். ஒரே சிரிப்பு. அக்கா தோசைத் திருப்பியால் அவன் முதுகில் ஒன்று வைப்பதும் கேட்கும். எனக்கு ஒரு தட்டில் இரண்டு தோசை மடித்து, கிண்ணத்தில் சட்னி, தண்ணீர், எல்லாம் முறையாக முன்னறைக்கு வரும். வரும்போதே ஆறியிருக்கும். "கூச்சப்படாமக் கேளுங்க தம்பி," என்பாள். நாலு எட்டு வைத்தால் அடுப்படி. போயிருக்கலாம். பேண்ட் இறுக்கம், தரையில் உட்கார்ந்தால் தையல் விட்டுவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, காலண்டரைப் பார்த்தபடி ஆறிய தோசையைத் தின்பேன். அந்த நாற்காலியில் இருந்துகொண்டு அவனை நான் நினைத்த நினைப்பெல்லாம் எழுதக்கூடியது இல்லை.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

அந்த வருஷம் அண்ணாச்சி லீவில் ஊருக்குப் போயிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மாட்டுங்கா மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்ல வேள தம்பி, ஒங்களப் பாத்தேன். எந்தம்பியும் ஊர்ல இல்ல, யார்ட்டச் சொல்லி விடன்னு இருந்தேன். ஞாயித்துக்கெழம எல்லாரும் வாங்க. மத்தவனுவ வந்தாலும் வராட்டாலும் அவனக் கட்டாயம் கூட்டிட்டு வந்துருங்க. அவனப் பாக்க ஒரு ஆள் வாராவ."

"யாருக்கா?"

"அவன்ட்டச் சொல்லாதிய. வந்து பாத்துக்கிடட்டும்," என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். "ஒங்கள நம்பித்தான் சொல்லுதேன். வேற எவன்ட்டச் சொன்னாலும் மறந்துருவான்."

பெண் வீட்டார்தான், வேறு யார்? திருப்பித் தைத்த காலரைப் போட்டுக்கொண்டு திரிகிறவனுக்குப் பெண் கொடுக்கச் செம்பூர் வரை தேடி வருகிறார்கள். டெரிலின் போட்டவன் கையில் தகவலைக் கொடுத்து அனுப்புகிறார்கள். மாட்டுங்காவிலிருந்து தாராவி வரை நடந்தே வந்தேன்.

சொல்லக்கூடாது என்று முடிவெடுத்ததாக ஞாபகம் இல்லை. டீ குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று வெள்ளிக்கிழமை போயிற்று. சனிக்கிழமை அவனே பக்கத்தில் வந்து, "சார், ஒங்க ஷூ பாலீஷ் ஒரு விரல் குடுங்க. எஞ்செருப்பும் ஒரு நாள் மினுங்கிட்டுப் போகட்டும்," என்றான். அப்போது சொல்லியிருக்கலாம். டப்பாவைக் கொடுத்தேன். அவன் ஒற்றைச் செருப்புக்கு மட்டும் போட்டு, ஆலைக்காரர்களிடம், "ஏல, இந்தக் கால் மாட்டுங்கா, இந்தக் கால் தாராவி," என்று நடந்து காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நான் டப்பாவை மூடிப் பெட்டியில் வைத்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லையே, சொல்லாமல்தானே இருக்கிறேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஞாயிறு ஆலைக்காரர்கள் இருவருக்கும் ஷிப்டு. அவன் நீலச் சட்டையைத் துவைக்க எடுத்தான். "எங்க சார், மினுக்கிட்டுக் கெளம்பிட்டிய?"

"மாட்டுங்கா."

செம்பூர் வீட்டில் மடக்கு நாற்காலி ஏற்கெனவே விரிந்திருந்தது. அதில் காக்கி உடுப்போடு ஒரு பட்டாளத்துக்காரர் இருந்தார். ஒட்ட வெட்டிய முடி, மெல்லிய மீசை, என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். என்னைப் பார்த்ததும் படக்கென்று எழுந்து, முகமெல்லாம் மலர, "மச்சான்!" என்று கையை நீட்டினார்.

"அது இல்ல மாப்பிள்ள, இவங்க அவன் கூட்டாளி," என்றாள் அக்கா. என்னிடம் திரும்பி, "எங்க அவன்?"

"ஓவர்டைம்க்கா. முதலாளி அவரை மட்டும் நிறுத்திக்கிட்டார்."

அந்த வீட்டில் நான் திக்காமல் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "சாயங்காலம் வரைக்குமா? என்ன எளவு ஓவர்டைமோ. நாக்காலி ஒண்ணுதான தம்பி இருக்கு, மாப்பிள்ள இருக்காவ. நீங்க உள்ள வந்துருங்க."

அப்படித்தான் நான் அடுப்படிக்குள் போனேன். தரையில் உட்கார்ந்தபோது பின்பக்கம் தையல் 'டர்' என்றது. அக்காவுக்குக் கேட்டிருக்கும்; கேட்காத மாதிரி இருந்தாள். கல்லிலிருந்து நேரே தட்டில் விழுந்த தோசை விரலைச் சுட்டது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் இருக்கும். அவ்வளவு நேரம்தான் எனக்கு அது ருசித்தது.

"யாருன்னு தெரியுதா?" அக்கா தாழ்ந்த குரலில் சொன்னாள். "அவன் தங்கச்சி மாப்பிள்ள. கல்யாணத்துக்கு இவனுக்கு லீவு குடுக்கல. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்ல. தேவ்லாலிக்கு டூட்டிக்குப் போறாவ. கல்யாண் ஸ்டேசன்லயே எறங்கி மாறியிருக்கலாம். மச்சானப் பாத்துட்டுப் போவணும்னு இம்புட்டுத் தூரம் வந்திருக்காவ, பாருங்க."

கையிலெடுத்த விள்ளலைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

வெளியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டாளத்துக்காரர் வாசலைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். "எங்க மச்சான் எப்பிடி இருப்பாரு? வீட்டுல ஒரு போட்டோகூடக் கெடையாது. அவங்க தங்கச்சி, 'எங்க அண்ணன் சிரிச்சா வீடே சிரிக்கும்'னு மட்டும் சொல்லுவா."

சொன்னேன். கோணல் பல்லைச் சொன்னேன். காலர் திருப்பித் தைத்த நீலச் சட்டையை, கண்டக்டரிடம் பேசும் இந்தியை, சாரத்தை மடித்துக் கட்டும்போது இடது பக்கம் ஒரு சுற்றுக் கூடச் சுற்றுவதை, தூங்கும்போது வலது கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொள்வதை. அரைமணி நேரம் பேசினேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நேரம் ஒருவரிடம் பேசியதில்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் சிரித்தார். பானி ஜோக்கைக்கூடச் சொன்னேன். அதற்கும் சிரித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் ரொம்பச் சிநேகம் போல," என்றார்.

ஒரு மணிக்கு அக்காவின் வீட்டுக்காரர் அவரை வழியனுப்பப் புறப்பட்டார். பட்டாளத்துக்காரர் வாசலில் நின்று சந்தின் இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் படுக்கைச் சுருட்டைத் தோளில் போட்டுக்கொண்டார். அவர்கள் தெருமுனை திரும்பியதும் அடுப்படிக்குப் போனேன். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஓவர்டைம் இல்ல. நான் அவன்ட்டச் சொல்லவே இல்ல."

குழாயை மூடினாள். திரும்பினாள். "ஏல," என்றாள். "ஏம்ல இப்பிடிச் செஞ்ச?"

விட்டுப்போன தையலைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"வாயத் தொறந்து சொல்லுல! ஒன்ன என்னல செஞ்சான் அவன்?" ஈரக்கையால் தலையில் அடித்துக்கொண்டாள். "வண்டி வி.டி. ஸ்டேசன்ல மூணு மணிக்கு. தாதர்ல நிக்கும். ஏல, நின்னுக்கிட்டே இருக்கியே, ஓடுல!"

இரண்டு வருஷம் காத்திருந்த வார்த்தை, ஒரே மூச்சில் இத்தனை தடவை. அதை வைத்துச் சந்தோஷப்பட நேரம் இல்லை. சட்டையை வெளியே இழுத்துவிட்டுக் கிழிசலை மறைத்துக்கொண்டு ஓடினேன். குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கி, கூர்முனை ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கோலி வரை ஓட்டம்.

அவன் பனியனோடு வாசலில் நீலச் சட்டையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன், வெள்ளிக்கிழமையிலிருந்து. என் பங்கை ஒளிக்கவில்லை. ஒளிக்க நேரமும் இல்லை. அவன் என்னைப் பார்த்தான். ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தான். தாதர் வரைக்கும் என் பக்கம் திரும்பவில்லை. மாப்பிள்ளையின் பெயர் என்ன என்று அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தாதரில் வண்டி வந்து நின்றிருந்தது. அன்றைக்கென்று எல்லாப் பெட்டியிலும் காக்கி. அவனுக்குப் பெயர் தெரியும், முகம் தெரியாது. எனக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. அவன் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டே இன்ஜின் பக்கம் ஓடினான். நான் பின்பக்கம். ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன். எல்லாம் ஒட்ட வெட்டிய தலை, எல்லாம் மீசை. 'எக்ஸ்க்யூஸ் மீ' என்றேன், 'சுனியே' என்றேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு விசில் ஊதினார்.

எப்படி வந்தது என்று தெரியாது. பிளாட்பாரத்தின் நடுவில் நின்று, அடிவயிற்றிலிருந்து, "ஏலேய்ய்!" என்று கத்தினேன்.

அத்தனை காக்கிகளில் ஒரே ஒரு தலை ஜன்னலுக்கு வெளியே நீண்டது. "யாருல அது?"

அவர்தான். அந்தக் கோடியிலிருந்து அவனும் அந்தச் சத்தத்துக்குத் திரும்பி ஓடி வந்தான். வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் வழியாக இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் கூடவே நடந்தான், பிறகு ஓடினான்.

"மச்சான்! ஓவர்டைம் முடிஞ்சிட்டா?"

அவன் ஒரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஆமா மாப்ள, இப்பத்தான் விட்டான் பாவி! தங்கச்சி நல்லாருக்காளா?"

பதில் என்னவென்று கேட்கவில்லை. பிளாட்பாரம் முடிகிற இடம்வரை ஓடிவிட்டு நின்றான். ஈரச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என் பொய்யை வாங்கித் தன் வாயால் மெய்யாக்கிவிட்டான், யோசிக்காமல், ஒரு நொடியில். எனக்கு அழுகை வந்தது. அப்போதும், அந்த இடத்திலும், இது எப்படி இவனுக்கு மட்டும் வருகிறது என்று உள்ளுக்குள் ஒரு புகைச்சல் இருந்தது.

படிக்கட்டில் ஏறும்போது, "சாப்ட்டியளா?" என்றான்.

"ம்."

"அக்கா வீட்டுலயா?"

"ம். அடுப்படியில."

"நல்லதுங்க," என்றான்.

அடுத்த மாதம் செம்பூருக்குப் போனபோது நான் சாரம் கட்டிக்கொண்டு போனேன். ஊரிலிருந்து திரும்பியிருந்த அண்ணாச்சி மேலும் கீழும் பார்த்தார். வாசலிலேயே அக்கா, "ஏல, வந்து தேங்காயத் துருவு," என்றாள். உள்ளே போய் உட்கார்ந்தேன். ஆலைக்காரர்களும் அண்ணாச்சியும் சுற்றி உட்கார்ந்தார்கள். அவன் மட்டும் வரவில்லை. முன்னறையில் சுவரோடு சாய்ந்திருந்த மடக்கு நாற்காலியை விரித்து, காலண்டரைப் பார்த்தபடி அதில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏல, உள்ள வால!" அக்கா கூப்பிட்டாள்.

"இருக்கட்டும்க்கா. இங்கன காத்தா இருக்கு."

அந்த அறையில் ஜன்னலே கிடையாது. அடுப்படியில் பேச்சு எழவில்லை. தோசை வெந்தது, தட்டில் விழுந்தது, தின்றார்கள். எல்லோர் காதும் முன்னறையில் இருந்தது. அக்கா ஒரு தட்டில் இரண்டு தோசையை மடித்து வைத்து என் முன்னால் நகர்த்தினாள்.

கொண்டுபோனேன். அவன் முன்னால் நீட்டினேன்.

"ஏல," என்றேன். "சாப்புடுல. ஆறிரும்."

அவன் தட்டைப் பார்த்தான். என் சாரத்தைப் பார்த்தான். "சட்னி எங்க, சார்?" என்றான்.

அந்தச் சாருக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கடைசிவரை அவன் என்னை அப்படித்தான் கூப்பிட்டான். கேலியா, கோபமா, அதுவே ஒரு மாதிரி ஏலவா என்று எத்தனையோ வருஷம் யோசித்திருக்கிறேன். அன்றைக்கு யோசிக்கவில்லை. அடுப்படிக்கு ஓடினேன். உரலிலிருந்து சட்னியை வழித்துக் கிண்ணத்தில் போட எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குள் ஒவ்வொருவராக ஆலைக்காரர்கள், அண்ணாச்சி, கரண்டியோடு அக்கா, எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்கள். அவன் என்னவோ சொல்கிறான், சிரிப்புக் கேட்கிறது. கையில் கிண்ணத்தோடு காலி அடுப்படியில் நான் மட்டும் நின்றேன்.

வந்து பார்த்தேன். நாற்காலியைச் சுற்றித் தரையில் இடமே இல்லை.

"ஏல, தள்ளி ஒக்காருங்கல," என்றாள் அக்கா. "அவனும் ஒக்காரட்டும்."